மழை எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த மழை எதைக் குறிக்குது சார்?"

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் நூலக மாடியிலோ கல்லூரி வகுப்பறையிலோ புரொஜெக்டர் வைத்து உலக சினிமா போடும் இடங்களில் இந்தக் கேள்வி வராமல் கூட்டம் கலையாது. பதில் சொல்ல ஒருவர் தயாராக இருப்பார். மழை என்றால் தூய்மை, குதிரை என்றால் சுதந்திரம், சிந்திய பால் என்றால் தொலைந்துபோன குழந்தைப் பருவம் என்று கோனார் நோட்ஸ் மாதிரி வரிசையாக வரும். பின்வரிசையிலிருந்து இன்னொருவர் எரிச்சலோடு எழுந்து, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. சும்மா பாக்கணும், உணரணும், அவ்வளவுதான்" என்பார். ஃபேஸ்புக்கிலும் இந்த இரண்டு கட்சியும் பல வருஷமாக மோதிக்கொண்டிருக்கின்றன. 'குறியீடு' என்பது கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஹீரோ சட்டையை மாற்றினால்கூடக் கீழே "குறியீடு, குறியீடு" என்று கமென்ட் விழுகிறது.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. படம் எப்படி வேலை செய்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை. முதலாமவர் காட்சியைத் தாண்டி அர்த்தத்துக்கு ஓடிவிடுகிறார். இரண்டாமவர் 'உணர்வு' என்று சொல்லிவிட்டு, அந்த உணர்வு எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் விட்டுவிடுகிறார். அந்த வழியைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு ஒரே ஒரு இயக்குநரை எடுத்துக்கொள்கிறேன்: ரஷ்யாவின் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. கவித்துவ சினிமா என்றாலே முதலில் வரும் பெயர் இது; சண்டையும் இவர் பேரில்தான் அதிகம்.

கவித்துவ சினிமா என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'இது நடந்தது, அதனால் அது நடந்தது' என்று கதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகாமல், காட்சிகளும் ஒலிகளும் நினைவுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நகரும் படம். அழகான சூரிய அஸ்தமனம் காட்டும் படத்தையெல்லாம் 'கவிதை மாதிரி இருக்கு' என்று சொல்கிறோமே, அது வேறு.

## தோடிக்கு என்ன அர்த்தம்?

கோயில் திருவிழா, இரவு சாமி புறப்பாடு. புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்தாயிற்று. வீதி முனையில் சாமியை நிறுத்தியிருக்கிறார்கள். நாகஸ்வரக்காரர் தோடி ஆலாபனை ஆரம்பிக்கிறார். ஆலாபனை என்றால் பாட்டு வரியும் தாளக்கட்டும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்திலிருந்து தோடி என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

அந்தக் கூட்டத்தில் யாரும், "இந்தத் தோடி எதைக் குறிக்குது?" என்று கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். அர்த்தம் சொல்ல முடியாததால் அதை வெறும் சத்தம் என்று யாரும் ஒதுக்குவதும் இல்லை.

இப்போது அங்கே நிற்கும் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் வேறு வேலையாகப் போனவர், சத்தம் கேட்டு சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நிற்கிறார். ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் போக மனமில்லை. இன்னொருவர் அறுபது வருஷக் கேள்வி ஞானம் உள்ள பெரியவர். காந்தார ஸ்வரத்தை எவ்வளவு அசைக்கிறார், பஞ்சம ஸ்வரத்தைத் தொடாமல் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார், எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்கிறது. அவர் தலையசைப்பது விளக்கம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அல்ல. அவருடைய ஞானம் காதிலேயே வேலை செய்கிறது. சைக்கிள்காரர் கேட்கும் அதே தோடியை அவர் கூடுதலாகக் கேட்கிறார்.

சினிமாவில் நாம் குழம்பும் இடம் இதுதான். 'அறிவா, அனுபவமா' என்று இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். பெரியவரைக் கேட்டால் இரண்டும் ஒரே காதுக்குள் இருக்கிறது என்பார். விளக்கம் தேவையா இல்லையா என்பதைவிட, ஒரு விளக்கம் காதைக் கூர்மையாக்குகிறதா அடைத்துவிடுகிறதா என்று கேட்பதுதான் பிரயோஜனம்.

## சின்னம் வேறு, படிமம் வேறு

குறியீடு என்பது ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்பது. தேர்தல் சின்னம் நல்ல உதாரணம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் உதயசூரியனைப் பார்க்கும்போது இது எந்த ஊர்ச் சூரியன், மலைக்குப் பின்னால் மூடுபனி இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. இரட்டை இலையின் நரம்புகளையும் எண்ணுவதில்லை. எந்தக் கட்சி என்று தெரிந்ததும் படத்தின் வேலை முடிந்தது. விடை கிடைத்ததும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் அது குறியீடு.

படிமம் அப்படித் தூக்கிப் போட முடியாதது. அது வேறொன்றை நினைவூட்டலாம், பல அர்த்தங்களைக் கொடுக்கலாம். ஆனால் எந்த அர்த்தம் சொன்ன பிறகும் அந்தக் காட்சி அப்படியே மிச்சம் இருக்கும்.

நம்மிடமே இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. குறுந்தொகையின் எட்டாவது பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது, மருதத் திணை. டெல்டாக்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பாட்டு மாதிரி:

கழனி மாத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்

வயலோரத்து மாமரம். பழுத்த பழம் தானாக உதிர்கிறது. கீழே தண்ணீரில் இருக்கும் வாளை மீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன் அவன் என்று தலைவனைப் பற்றிச் சொல்கிறாள் பரத்தை. உரை எழுதியவர்கள் இதை உள்ளுறை என்பார்கள். இயற்கைக் காட்சிக்குள் மனித நிலைமையை ஒளித்து வைக்கும் முறை அது. தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே சொல்கிறது. வாளை அலையாமலே பழம் கிடைத்ததுபோல, நான் தேடிப் போகாமலே அவன் என்னிடம் வந்தான் என்பது ஒரு விளக்கம்.

விளக்கம் சரியானதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டதும் மாம்பழத்தையும் வாளையையும் விட்டுவிட முடிகிறதா? வாய்க்கால் ஓரத்து மரத்திலிருந்து பழம் தண்ணீரில் விழும் சத்தம், அடுத்த நொடி கீழிருந்து ஒரு சுழிப்பு, பிறகு வட்டம் வட்டமாக அலை. இதையெல்லாம் பார்த்தவருக்கு அந்த அலட்சியமான சுலபம் உடம்பிலேயே புரியும். 'எளிதில் கிடைத்தான்' என்ற மூன்றாம் தர வாக்கியத்தில் அது இல்லை. விளக்கம் உள்ளே போகும் வாசல். உள்ளே இருப்பது வாளைதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குறியீட்டுக்கு விடை உண்டு, விடையோடு அது முடிந்துவிடும். படிமத்துக்கு விளக்கம் உண்டு, விளக்கத்தோடு அது முடியாது. கவித்துவ சினிமா பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் வகை என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் பாதிப் பேருக்குத் தலைவலி வருகிறது.

## தார்க்கோவ்ஸ்கி என்ன சொன்னார்

1932-இல் பிறந்தவர். அப்பா அர்சேனி தார்க்கோவ்ஸ்கி பெரிய கவிஞர். மகன் எடுத்த முழுநீளப் படங்கள் ஏழே ஏழு. 1962-இல் 'இவானின் குழந்தைப் பருவம்', கடைசியாக 1986-இல் 'சாக்ரிஃபைஸ்'. முதல் ஐந்தும் சோவியத் யூனியனில் எடுத்தவை, ஆறாவது இத்தாலியில், ஏழாவது ஸ்வீடனில். அதே 1986 டிசம்பரில் பாரிஸில் இறந்துபோனார். வயது 54.

அவர் படங்களில் மழையும் தண்ணீரும் எங்கும் உண்டு. எதைக் குறிக்கிறது என்று அவரிடமும் விடாமல் கேட்டிருக்கிறார்கள். மழை நான் வளர்ந்த நிலத்தின் இயல்பு, ரஷ்யாவில் நாள்கணக்கில் சலிப்பூட்டும் மழை பெய்யும் என்பதுதான் அவருடைய பதில். ஐப்பசி அடைமழையில் திண்ணையில் உட்கார்ந்து வெறுமனே தெருவைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு இந்தப் பதில் தட்டிக்கழிப்பாகத் தெரியாது. 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் மூன்று பேர் 'மண்டலம்' என்ற தடை செய்யப்பட்ட பகுதிக்குள் போகிறார்கள். மண்டலம் எதன் குறியீடு என்று கேட்டால், அது எதற்கும் குறியீடு கிடையாது, மண்டலம் மண்டலம்தான் என்பார்.

(குறியீடு தேடாதீர்கள் என்று சொன்னவர், தன் படங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார் என்பதையும் மறக்க வேண்டாம். விளக்கம் என்றாலே அவருக்கு ஆகாது என்று சொல்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.)

## ஒரு ஷாட்டுக்குள் நேரம்

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஷாட் என்பது கேமரா ஓடத் தொடங்கி வெட்டு விழும் வரை இருக்கும் ஒரே துண்டு. ஷாட்டுகளை ஒட்டும் முறைக்குப் படத்தொகுப்பு என்று பெயர்.

சோவியத் சினிமாவின் ஆரம்ப காலத்தில் படத்தொகுப்புதான் ராஜா. இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு நடிகரின் ஒரே முகம். அதன் பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை ஒட்டினால் பசியாகத் தெரிகிறது, சவப்பெட்டியை ஒட்டினால் துக்கமாகத் தெரிகிறது. இன்னொரு சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 'ஸ்ட்ரைக்' (1925) படத்தில் தொழிலாளர்கள் சுடப்படும் காட்சியோடு மாடு அறுக்கப்படும் காட்சியை மாற்றி மாற்றி ஒட்டினார். இரண்டு ஷாட் சேர்ந்து மூன்றாவதாக ஓர் அர்த்தம் பிறக்கிறது: ஆட்களை மாடு மாதிரி வெட்டுகிறார்கள். பார்ப்பவர் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். இங்கே 'எதைக் குறிக்கிறது' என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி.

தார்க்கோவ்ஸ்கிக்கு இந்த வழி பிடிக்கவில்லை. அர்த்தம் இரண்டு ஷாட்டுக்கு நடுவில் பிறக்க வேண்டாம், ஒரு ஷாட்டுக்குள்ளேயே ஓடும் நேரத்தில் பிறக்கட்டும் என்றார். சினிமாவின் மூலப்பொருள் நேரம். சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்குவதுபோல இயக்குநர் நேரத்தைச் செதுக்குகிறார். அந்த நேரத்துக்கு ஒரு விசை உண்டு. அதைக் கால அழுத்தம் என்றார்: ஒரு ஷாட்டுக்குள் நேரம் எவ்வளவு இறுக்கமாக அல்லது தளர்வாக ஓடுகிறது என்பது. ஆலாபனையில் ஒரே ஸ்வரத்தில் நின்று கார்வை பிடிக்கும்போது ஏதோ ஏறிக்கொண்டே போகிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

'நாஸ்டால்ஜியா' (1983) படத்தின் மெழுகுவத்திக் காட்சியைப் பார்த்தால் இது பிடிபடும். இத்தாலியில் பாக்னோ விக்னோனி என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளம் ஒன்று இருக்கிறது. படத்தில் அதை வற்றடித்திருக்கிறார்கள். எரியும் மெழுகுவத்தியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அணையாமல் கொண்டுபோக வேண்டும். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஒருவர், உலகத்தைக் காப்பாற்ற இதைச் செய் என்று ஒரு ரஷ்யக் கவிஞரிடம் கேட்டிருக்கிறார். கவிஞருக்கு இதய நோய். வெட்டே இல்லாமல் ஒன்பது நிமிடத்துக்கு அருகில் ஓடும் ஒரே ஷாட்.

ஏற்றுகிறார், நடக்கிறார். பாதி வழியில் அணைகிறது. திரும்பி முதல் சுவருக்கே வந்து, மறுபடி ஏற்றி, கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நடக்கிறார். மறுபடி அணைகிறது. திரும்பி நடந்து வருவதையும் கேமரா வெட்டவில்லை. மூன்றாம் தடவை போகும்போது கேமரா மெல்ல மெல்ல நெருங்கிவிடுகிறது.

இதைக் கதையாகச் சொன்னால் ஒரே வரி. 'மெழுகுவத்தி என்றால் நம்பிக்கை' என்று குறியீடாகச் சொன்னால் அதைவிடச் சின்ன வரி. ஒன்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது? முதல் ஒரு நிமிடத்திலேயே நமக்குத் தகவல் கிடைத்துவிடுகிறது: ஒருவர் மெழுகுவத்தி கொண்டுபோகிறார். சரி, அடுத்த காட்சி வரட்டும் என்று மனசு பறக்கிறது. வரவில்லை. அப்போது சலிப்பு தட்டுகிறது. சலிப்பும் தாண்டிப்போன பிறகு கண் தானாகத் தேட ஆரம்பிக்கிறது: ஈரச் சுவர், காலடியில் தண்ணீர்ச் சத்தம், கையின் வளைவு, சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டாவது தடவை அணையும்போது நமக்கு நெஞ்சு விழுகிறது. மூன்றாவது தடவை நம் மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தகவல், சலிப்பு, கவனம் என்ற இந்த வரிசைதான் நீண்ட ஷாட்டின் இயந்திரம். பாதியில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்தால் கவனம் வரும் இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று கூடத்திலிருந்து வாசலுக்கு அகல் எடுத்துப் போயிருப்பீர்கள். வாடைக்காற்று. உள்ளங்கையைக் குவித்து மறைத்தால் கை சுடும், எடுத்தால் அணையும். கண் சுடரில் இருக்கும், கால் தானாக வாசற்படியைத் தேடும். இத்தாலியக் குளத்தில் நடப்பவரைப் பார்க்கும்போது அந்தச் சூடு உங்கள் உள்ளங்கைக்கு வருகிறது. தார்க்கோவ்ஸ்கிக்குக் கார்த்திகை தெரியாது. அவர் இடம் விட்டு வைத்தார், நீங்கள் நிரப்பினீர்கள். 'வெறுமனே அனுபவிப்பது' என்று நாம் லேசாகச் சொல்வது உண்மையில் இவ்வளவு வேலை.

## வயலில் பூத்தது நினைவு

'மிரர்' (1975) படத்தில் ஷாட்டுகளை இணைப்பது கதை அல்ல, நினைவு. சாகக் கிடக்கும் ஒருவரின் குழந்தைப் பருவம், போர்க் காலம், இன்றைய மண வாழ்க்கை எல்லாம் கலந்து வரும். வண்ணமும் கறுப்பு வெள்ளையும் மாறும். அம்மாவாகவும் மனைவியாகவும் நடிப்பவர் ஒரே நடிகை, மார்கரீத்தா தெரகோவா. முதல் தடவை பார்ப்பவர் குழம்புவது சகஜம். அக்கால அதிகாரிகளும் புரியவில்லை என்றுதான் குறை சொன்னார்கள்.

அந்தப் படத்துக்காகத் தன் குடும்பம் முன்பு இருந்த வீட்டைப் பழைய போட்டோக்களைப் பார்த்து, அதே இடத்தில் திரும்பக் கட்டினார். வீட்டுக்கு முன்னால் ஒரு வயல். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே பக்வீட் என்ற தானியப் பயிர் இருந்தது, வெள்ளை வெளேரென்று பூக்கும். படப்பிடிப்புக்குப் போனபோது வயலில் வேறு பயிர். உள்ளூர் விவசாயிகளைக் கேட்டால், இந்த மண்ணில் அது வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே விதைக்கச் செய்தார். முளைத்தது, பூத்தது. பூக்காமல் போயிருந்தால் படம் என்ன ஆகியிருக்குமோ என்று பின்னால் எழுதினார்.

குறியீடு மட்டும் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு பச்சை வயல் போதும். ஒரு போகம் காத்திருந்து அந்த ஒரே பயிரைத்தான் பூக்க வைப்பேன் என்பவர் 'தாய்மை', 'இழப்பு' என்ற சொற்களைப் படமாக்கப் பார்க்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வெள்ளையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரே ஒரு வீட்டை, ஒரே ஒரு வயலைப் பிடிவாதமாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, என் குழந்தைப் பருவமும் இப்படித்தான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முன்பின் தெரியாதவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். தலைவலி வந்தது என்று திட்டியும் கடிதம் வந்தது.

அதே படத்தில் 1943-இல் எடுத்த பழைய செய்திப் படத் துண்டு ஒன்று வரும். சோவியத் படைவீரர்கள் சிவாஷ் என்ற ஆழமில்லாத உப்பங்கழியைக் கடக்கிறார்கள். முழங்கால் அளவு சேற்றிலும் தண்ணீரிலும் சுமையை இழுத்துக்கொண்டு நடை. நடவு வயலில் இறங்கியவருக்கு அந்த நடை தெரியும். ஒரு காலை உருவுவதற்குள் மறு கால் இறங்கிவிடும். யார் எதற்காகப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே களைப்பு தெரிந்துவிடுகிறது.

## எதுவும் தெரியாமல் பார்த்தால் போதுமா?

போதாத இடங்களும் இருக்கின்றன. 'சும்மா உணருங்கள்' கட்சி இதை ஒத்துக்கொள்வதில்லை.

'மிரர்' படத்திலேயே இன்னொரு காட்சி. கதையில் வரும் அம்மா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒருநாள் கொட்டும் மழையில் அச்சகத்துக்கு ஓடி வருகிறார். ஒரு பிழையை விட்டுவிட்டோமோ என்று பயம். நீண்ட நடைவழிகள், முகம் வெளிறிய சக ஊழியர்கள். தாள்களைப் பார்க்கிறார், பிழை இல்லை. என்ன பிழை என்று பயந்தார் என்பதைத் தோழியின் காதில் சொல்கிறார். நமக்குக் கேட்பதில்லை.

1930-களில் ஸ்டாலின் ஆட்சியில் அச்சில் ஒரு சொல் தவறினால் வேலை மட்டுமல்ல, ஆளே காணாமல் போகலாம் என்பது தெரியாதவருக்கு, ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு ஓட்டமா என்றுதான் தோன்றும். தெரிந்தவருக்கு அந்த நடைவழியின் நீளமே வேறு. இது குறியீட்டு விளக்கம் அல்ல, வரலாறு. தோடியின் காந்தாரம் தெரிந்த பெரியவர் மாதிரி, தெரிந்தவுடன் காட்சியே கூடுதலாகத் தெரிகிறது. அதேபோல, படத்தில் கவிதை வாசிக்கும் குரல் இயக்குநருடைய சொந்த அப்பாவின் குரல், வயதான அம்மாவாக வருபவர் அவருடைய சொந்த அம்மா என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆழ்மனம், ஆன்மா என்று பேசுவதற்கு முன் இந்த மாதிரி விவரங்களைச் சொல்லிவிட்டால் திரையிடல்களில் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

## நல்ல விளக்கம், வெட்டி விளக்கம்

'விளக்கத்துக்கு எதிராக' என்று 1964-இல் கட்டுரை எழுதிய அமெரிக்க விமர்சகர் சூசன் சோன்டாக், அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க விமர்சனம் எழுதினார். முரண்பாடு ஒன்றும் இல்லை. படைப்பைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும் விளக்கத்தைத்தான் அவர் எதிர்த்தார்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. படத்தைப் பார்க்காதவரும் அந்த விளக்கத்தைச் சொல்லிவிட முடியுமா? 'தண்ணீர் ஆழ்மனம்' என்பதை எந்தப் படத்துக்கும் சொல்லலாம், பார்க்காமலே சொல்லலாம். 'இவர் படங்களில் மழை அடிக்கடி வீட்டுக்குள்ளேயே பெய்கிறது' என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். 'சோலாரிஸ்' (1972) முடிவில் அப்பா நிற்கும் அறைக்குள் தண்ணீர் கொட்டுகிறது. 'நாஸ்டால்ஜியா'வில் ஒரு வீட்டுத் தரை முழுக்கப் பாட்டில்கள், அவற்றில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் அண்டா குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் இருந்தால், வீடு இருந்தும் வீடில்லாத அந்த நிலை சட்டென்று பிடிபடும். இப்போது ஒரு விளக்கம் கிளம்புகிறது. அது படத்திலிருந்து கிளம்பியது. திரும்பப் போய்ப் பார்க்கவும் வைக்கும்.

'ஸ்டாக்கர்' படத்தில் ஒரு காட்சி. கேமரா மேலிருந்து ஆழமில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நகர்கிறது. அடியில் ஊசி போடும் சிரிஞ்சு, நாணயங்கள், துப்பாக்கி, ஒரு மத ஓவியத்தின் துண்டு. உடனே பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் நேராக அர்த்தம் எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். கேமராவைக் கவனித்தால் அது எதன் மேலும் நிற்பதில்லை. துப்பாக்கிக்கும் ஓவியத்துக்கும் ஒரே வேகம், ஒரே தூரம். கோடையில் குடமுருட்டியோ அரசலாறோ வடிந்து தெளிந்திருக்கும்போது பாலத்திலிருந்து பார்த்தால் அடியில் கிடக்கும் செருப்பும் உடைந்த சாமி படமும் பாட்டிலும் இப்படித்தான் சமமாகத் தெரியும். மனிதர்கள் விட்டுப்போனவை எல்லாம் தண்ணீருக்கு ஒன்றுதான் என்ற எண்ணம் அந்த ஒரே சீரான வேகத்திலிருந்து வருகிறது. பட்டியலில் அது வராது.

சுருக்கமாக: வரலாறும் வாழ்க்கை விவரமும் தெரிந்தால் நல்லது. என்ன காட்டினார் என்பதோடு எவ்வளவு நேரம், எந்த வேகத்தில், என்ன ஒலியோடு காட்டினார் என்பதிலிருந்து விளக்கம் தொடங்கட்டும்.

## முதல் தடவை பார்ப்பவருக்கு

'மிரர்' படத்தில் ஆரம்பிக்காதீர்கள். 'இவானின் குழந்தைப் பருவம்' ஒன்றரை மணி நேரம்தான், கதையும் நேரானது. போரில் உளவு வேலை செய்யும் சிறுவன். நடுநடுவே அவன் கனவுகள். கனவுக்குள் எப்படி நுழைகிறோம், எப்படி வெளியே வருகிறோம் என்பதை மட்டும் கவனித்தாலே இந்த மொழி பிடிபட ஆரம்பிக்கும். அடுத்து 'சோலாரிஸ்'. தொடக்கத்தில் தண்ணீருக்கடியில் நீண்ட பாசி அசைந்துகொண்டிருக்கும். நம் வாய்க்கால் பாசிதானே என்று நினைத்துக்கொண்டு பாருங்கள், தப்பில்லை. பிறகு 'ஸ்டாக்கர்', அதன் ஷாட்டுகள் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. அதில் மூன்று பேரும் தண்டவாள டிராலியில் மண்டலத்துக்குள் போகும்போது சக்கரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எட்வர்ட் அர்தெமியேவின் மின்னணு இசையாக மாறுவதைக் கேளுங்கள். அதனால் ஹெட்போன் அவசியம், அல்லது நல்ல ஸ்பீக்கர். செல்போன் ஸ்பீக்கரில் பார்த்தால் படத்தில் பாதி இல்லை.

பார்த்து முடித்தவுடன் யூடியூபில் விளக்க வீடியோ தேடாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் எந்தக் காட்சி தானாக ஞாபகத்துக்கு வருகிறதோ அதை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு யார் விளக்கத்தை வேண்டுமானாலும் படியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் சொந்தமாக ஒன்று இருக்கும். நடுவில் தூங்கிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்தக் காட்சியின் ஆரம்பத்துக்குப் போய்த் தொடருங்கள். நீண்ட ஷாட்டைப் பாதியில் பிடித்தால் அதன் நேரம் உங்களோடு சேர்ந்து வராது.